ஏழாம் கட்டத்துப் பொத்தான்

அப்பாவின் கிட்டாரை அழகுபடுத்துகிறேன் என்று கிளம்பி, ஒரு மாதத்திற்கு மேல் அவரை அதைத் தொடவிடாமல் செய்தவள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வீட்டில் பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் அதில் கை வைப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்தால் என் பாவம் கொஞ்சம் குறையும்.

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில், மாலை போட்ட தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் தொங்குவது ஒரு கபோக் கிட்டார். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே போதும். சீனாவிலிருந்து வந்த மலிவான கிட்டார் அது. ஒரு காலத்தில் நாட்டில் கிட்டார் பழகியவர்களில் பாதிப் பேர் அதில்தான் விரல் தேய்த்திருப்பார்கள். மலாய் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த நிறுவனம் செய்த சாதாரண மரக் கிட்டாராக இருந்தாலும் அவர்களுக்கு அது ‘கித்தார் கபோக்’தான். கபோக் என்றால் இலவம். நம் பழமொழியில் கிளி காத்திருந்ததே, அதே இலவம். அப்பாவும் இந்தக் கிட்டாருக்காக அந்தக் கிளியைப் போலத்தான் காத்திருந்தாராம். ஆனால் ஏமாறவில்லை. 1976இல், அவருடைய 21ஆவது வயதில், தவணையில் வாங்கிவிட்டார்.

தோட்டத்துக் கல்யாணங்களில் வாசித்த ஒரு சின்ன இசைக்குழுவில் அப்பா இருந்தார். தோட்டம் போய், தாமான் வந்து, குழுவும் கலைந்தது. மிஞ்சியவர்கள் மூன்று பேர். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் தபேலாவைக் கொண்டு வருவார், இன்னொருவர் தொண்டையை மட்டும் கொண்டு வருவார். அப்பா ஆணியிலிருந்து கிட்டாரை இறக்குவார். அதற்குப் பிறகு இரவு பதினொரு மணி வரை வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்க முடியாது.

எட்டு ஆண்டுகளாக அப்பாவுக்கு இனிப்புநீர். அது விழித்திரையைப் பிடித்துவிட்டது. லேசர், கண்ணில் ஊசி எல்லாம் ஆகி, இருப்பதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. வெள்ளைத் தட்டில் இட்லி இருப்பது தெரியாது, வாழை இலையில் வைத்தால் தெரியும். இட்லிக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், வருகிறது.

கிட்டாரின் கழுத்தில், கம்பிகளுக்குக் கீழே ஓடும் கரிய மரப்பட்டைக்கு விரல்பலகை என்று பெயர். அதன் குறுக்கே உலோகக் கோடுகள் பதித்திருப்பார்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான். கிட்டார்காரர்கள் ஃபிரெட் என்பார்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருக்கும் இடத்தை அப்பா கட்டம் என்பார். மூன்றாம் கட்டம், ஐந்து, ஏழு, ஒன்பது ஆகியவற்றில் ஒவ்வொரு புள்ளி இருக்கும். பன்னிரண்டில் இரண்டு. மரத்தைக் குடைந்து, வேறு பொருளை வைத்து ஒட்டி, மட்டமாகத் தேய்த்த புள்ளிகள். இவற்றைத்தான் இன்லே என்கிறார்கள்.

பார்ப்பதற்கு அலங்காரம் போலத் தெரியும். ஆனால் அவை இருக்கும் இடங்களுக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். ஏழாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஐந்தாவது நாலில் ஒரு பங்கில். இந்த மூன்று இடங்களிலும் கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணியடித்தது போல ஒரு நாதம் வரும். ஐந்தையும் ஏழையும் அப்படித் தொட்டுத்தான் பலர் சுருதி சேர்க்கிறார்கள். மூன்றும் ஒன்பதும் இடையில் வழி தப்பாமல் இருக்க. யுகுலேலியில் ஒன்பதுக்குப் பதில் பத்தில் புள்ளி இருக்கும். கிட்டார் பழகியவர்கள் யுகுலேலியை எடுத்ததும் தடுமாறுவது பாதி இதனால்தான். ஸ்பானிய மரபுக் கிட்டாரின் முகப்பில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. நம் வீணையிலும் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் உண்டு, ஒரு புள்ளி இல்லை. அவர்களுக்குக் கை பழகியிருக்கிறது. கல்யாணப் பந்தலின் மங்கிய விளக்கில், வியர்வையோடு, அடுத்த பாட்டு என்னவென்று தெரியாமல் நின்று வாசித்த அப்பாவுக்குப் புள்ளி வேண்டியிருந்தது.

கடந்த செப்டம்பரில் அப்பாவுக்கு 70 வயது நிறைந்தது. என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசியில் அந்தப் படம் வந்தது. கருத்த விரல்பலகையில், முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை முத்துநிறத்தில் ஒரு கொடி படர்ந்து போகிறது. இலை, சுருள், மொட்டு எல்லாம் இருக்கின்றன. அமெரிக்க கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வைக்காக ஐபனீஸ் நிறுவனம் செய்த ஜெம் வகைக் கிட்டார்களால் உலகம் முழுக்கப் பரவிய வடிவம் அது. அன்றிரவு தூங்கவில்லை. ஒன்றைத் தேடப் போனால் பத்து வந்தது. பால் ரீட் ஸ்மித் என்பவர் தம்முடைய கிட்டார்களில் புள்ளிக்குப் பதிலாகப் பறவைகளைப் பறக்கவிட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பறவை பார்ப்பதில் ஆர்வமாம், அதிலிருந்து வந்த வடிவங்களாம். கவ்பாய் பாடகர் ஜீன் ஆட்ரிக்காக 1933இல் மார்ட்டின் நிறுவனம் முதல் டி-45 கிட்டாரைச் செய்தபோது, அவருடைய பெயரையே விரல்பலகையில் முத்துச்சிப்பியால் எழுதிக் கொடுத்தது.

அப்பாவின் கிட்டாரில் இருந்தவை பிளாஸ்டிக் புள்ளிகள். ஐம்பது ஆண்டுகளில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தன. ஏழாம் கட்டத்தில் இருந்தது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அது வெண்மையாக, சற்றுக் கோணலாக, நடுவில் இரண்டு பொட்டு அழுக்குகளோடு இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

உண்மையான இன்லே வேலை என்றால் மரத்தைக் குடைய வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, நான் கணக்காய்வுத் துறையில் இருப்பவள். ஆனால் அதே கொடியை மெல்லிய ஸ்டிக்கராகவும் விற்கிறார்கள். வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கினேன். விரல்பலகையில் ஐம்பது வருட விரல் அழுக்கு. சிகரெட் லைட்டர் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். பழைய புள்ளிகள் கொடிக்கு நடுவில் துருத்திக்கொண்டு தெரிந்தன. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கறுப்பு ஸ்டிக்கர் தாளில் சின்னச் சின்ன வட்டங்கள் வெட்டி, ஆறையும் மூடினேன். அதன்மேல் புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வோர் இலையாக எடுத்து ஒட்டி, பழைய வங்கி அட்டையால் காற்றுக்குமிழை நீவி விட்டேன். இரண்டரை மணி நேரம் ஆனது. மிக அழகாக வந்திருந்தது. இப்போதும் சொல்கிறேன், அழகில் குறையில்லை.

அப்பா கிட்டாரை வாங்கி முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். “ரொம்ப அழகா இருக்கு பாப்பா” என்றார். உட்கார்ந்து இரண்டு நிமிடம் வாசித்தார். கை மேலே ஏறியது, ஒரு சுரம் பிசகியது. இன்னொரு முறை ஏறியது, மறுபடியும் பிசகியது. “கை வலிக்குது” என்று சொல்லிவிட்டு ஆணியில் மாட்டினார்.

பிறகு இறக்கவே இல்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை. கோலாலம்பூருக்கு ரயிலில் போய் வருகிறவளுக்கு வீட்டில் எது ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை என்று எங்கே தெரிகிறது? அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் அம்மாதான் சமையலறையில் வைத்துச் சொன்னார். “இந்த வருசம் தீபாவளிக்கு வாசிக்க மாட்டேன்னு அவங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டாரு உங்கப்பா. கண்ணு சுத்தமா தெரியலையாம்.”

“கண்ணு இன்னும் மோசமாயிடுச்சாம்மா? டாக்டர்கிட்ட போவோமா?”

“கண்ணு ஆகஸ்டுல எப்படியோ அப்படித்தான் இருக்கு.” இஞ்சியை நசுக்கிக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றிரவே ஸ்டிக்கரை உரிக்கத் தொடங்கினேன். ஒட்டுவது எளிது, உரிப்பது அப்படியில்லை. வெயிலும் ஈரமும் உள்ள நம் ஊரில் ஒரு மாதத்தில் பசை இறுகிவிடுகிறது. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, நகத்தால் கிளப்பிக் கிளப்பி எடுத்தேன். முதலாம் கட்டத்திலிருந்து ஆறு வரை ஒழுங்காக வந்தது. ஏழில் கறுப்பு வட்டத்தைக் கிளப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். வட்டத்தோடு சேர்ந்து புள்ளியும் என் கையில் இருந்தது. மரத்தில் ஒரு பள்ளம், அதில் தேன்நிறப் பழைய பசை. சூட்டில் பழைய பசை இளகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

புள்ளியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது புள்ளி அல்ல, சட்டைப் பொத்தான். விளிம்பை அராவிச் சிறிதாக்கியிருந்தார்கள். நான் அழுக்கு என்று நினைத்த இரண்டு பொட்டுகளும் நூல் கோர்க்கும் துளைகள்.

மறைத்து ஒட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுவதுதான் நியாயம். பிறகு அப்பாவின் அறைக்குப் போய், அவருடைய உள்ளங்கையில் அதை வைத்தேன். அவர் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் துளைகளைத் தடவிப் பார்த்தார். அதிலேயே தெரிந்துவிட்டது.

“தாத்தா சட்டைப் பொத்தான் இது” என்றார்.

1979இல் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஏழாம் கட்டத்துப் புள்ளி கழன்று எங்கோ விழுந்துவிட்டது. தாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். பால்மரம் வெட்டியவரிடம் நல்ல சட்டை என்று இருந்தது ஒன்றே ஒன்று. சம்பள நாளுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் போடும் வெள்ளைச் சட்டை, சிப்பிப் பொத்தான் வைத்தது. பாட்டி அந்தச் சட்டையை யாருக்கும் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருந்தார். அப்பா கேட்டதும் மேல் பொத்தானைப் பல்லால் நூலைக் கடித்து எடுத்துக் கொடுத்தாராம். லயத்து வீட்டின் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, பொத்தானை விரலால் அழுத்திச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து அளவாக்கியவர் அப்பா. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்துவிட்டது, கோணலுக்குக் காரணம் அதுதான்.

“ஏம்பா ஒரு வார்த்தை சொல்லல? மூடாதேன்னு சொல்லியிருக்கலாமே?”

“நீ ஆசையா செஞ்ச. அதுவும் இல்லாம, எனக்கே மூடின பிறகுதான் தெரிஞ்சுச்சு, நான் அதை வெச்சுத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்னு.”

மற்ற புள்ளிகள் அப்பாவின் கண்ணுக்கு மறைந்து வருடக்கணக்கில் ஆகிறது. பழுப்புப் பிளாஸ்டிக்கும் பழுப்பு மரமும் அவருக்கு ஒன்றுதான், வெள்ளைத் தட்டில் இட்லி போல. சிப்பி அப்படியில்லை. சிப்பியின் உட்புறம், ஒரு மயிரிழையின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய அடுக்குகளால் ஆனது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, பார்க்கும் கோணம் மாற மாற மின்னும். அப்பா கிட்டாரை லேசாகச் சாய்ப்பார், ஏழாம் கட்டத்தில் ஒரு மினுக்கு வரும். அங்கிருந்து கீழே இரண்டு கட்டம் ஐந்து, மேலே இரண்டு கட்டம் ஒன்பது. அந்த ஒரு மினுக்கை வைத்து முழுக் கழுத்தையும் கணக்குப் போட்டிருக்கிறார். அவரால் பார்க்க முடிந்த ஒரே புள்ளியைத்தான் நான் கறுப்புத் தாளால் மூடியிருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவரை நண்பர் மூலம் பிடித்தேன். ஷா ஆலாம் பக்கம், வீட்டுக் கார் நிறுத்துமிடத்தையே பட்டறையாக்கி வைத்திருக்கும் மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். உறையைத் திறந்ததும் “கபோக்!” என்று சிரித்தார். அவரும் அதில்தான் பழகினாராம். அப்பாவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய மேசை இழுப்பறை ஒரு நகைக்கடை. வெள்ளை முத்துச்சிப்பி, பச்சையும் நீலமுமாக அலையடிக்கும் அபலோனி, நியூசிலாந்துப் பாவா சிப்பி, முத்துபோல் தோன்றும் பிளாஸ்டிக். வட்டத் துண்டுகளில் இரண்டு அளவு. 6 மில்லிமீட்டர், அமெரிக்கர்களின் கால் அங்குலமான 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அளக்காமல் வாங்கி வந்து, குழிக்குள் போகவில்லை என்று சுத்தியலால் தட்டி விரல்பலகையைப் பிளந்தவர்களைப் பார்த்திருக்கிறாராம். சிப்பியைத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் இல்லாமல் செய்யக்கூடாது. பழைய புள்ளியை எடுக்க அவர் பிடிப்பது சுடுகாற்று அல்ல. நடுவில் சிறு துளையிட்டு, ஒரு திருகாணியை முடுக்கி, அதைப் பிடித்து இழுப்பார். பழைய கிட்டார்களில் உள்ள புள்ளிகள் சில செல்லுலாய்டு, சூடு காட்டினால் தீப்பற்றும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பழைய கிட்டார் என்றால் முதலில் அது என்ன கிட்டார் என்று பாருங்கள் என்றும் சொன்னார். ஃபெண்டர் நிறுவனத்தின் கிட்டார்களில், கருங்காலி நிறத்து ரோஸ்வுட் விரல்பலகை வந்த 1959 முதல் 1960களின் நடுப்பகுதி வரை, களிமண் போல் மங்கிய ஒருவகைப் புள்ளிகள் இருக்கும். சேகரிப்பாளர்கள் அவற்றைக் ‘களிமண் புள்ளி’ என்றே அழைக்கிறார்கள். பிறகு வந்தவை பளபளப்பான புள்ளிகள். கிட்டாரின் வயதைக் கணிக்க அவர்கள் முதலில் உற்றுப் பார்க்கும் இடங்களில் ஒன்று அது. அழகாக இல்லையே என்று மாற்றினால் விலை விழுந்துவிடும். எங்கள் கபோக்குக்கு அந்தக் கவலை இல்லை. அதன் சந்தை விலையைக் கேட்டால் அப்பா வருத்தப்படுவார், அதனால் யாரும் கேட்பதில்லை.

நான் என் யோசனையைச் சொன்னேன். ஆறு புள்ளிகளையும் எடுத்துவிட்டு எல்லாவற்றிலும் சிப்பி வைத்தால் அப்பாவுக்கு எல்லாமே மினுங்குமே? பட்டறைக்காரரும் அதற்குத்தான் இழுப்பறையைத் திறந்திருந்தார். அப்பா தலையசைத்து மறுத்தார்.

“எல்லாம் மின்னுச்சுன்னா எது ஏழுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

பட்டறைக்காரர் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கிட்டாரைக் கொடுத்து, பின்னால் போய் நின்று அப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கிட்டாரின் முகம் கேட்பவர்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வாசிப்பவரின் கண்ணுக்கு நேராக இருப்பது விரல்பலகையின் ஓரம்தான். பெரும்பாலான கிட்டார்களில் அந்த ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அளவில் சின்னப் புள்ளிகள் இருக்கும். மேடைக் கலைஞர்கள் பார்ப்பது அவற்றைத்தான். கொடியும் பறவையும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. எங்கள் கிட்டாரில் ஓரப் புள்ளிகளே கிடையாது. அதனால்தான் அப்பா ஐம்பது ஆண்டுகளாக முதுகை வளைத்து, கிட்டாரை மல்லாத்தி வாசித்திருக்கிறார். அவர் வாசிக்கும் பாணி அது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருட்டில் ஒளிரும் புள்ளிகளும் உண்டு. ஜப்பானில் செய்யும் லுமின்லே என்பது பேர்போனது, விளக்கொளியை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் பச்சையாக ஒளிரும். எனக்கு உடனே அதன்மேல் ஆசை வந்தது. (பட்டும் திருந்தவில்லை, பாருங்கள்.) இருட்டு மேடைக்கு அது சரி, வீட்டு விளக்கில் வெளிறித்தான் தெரியும், இவருக்கு வேண்டியது கறுப்பில் வெறும் வெள்ளை என்றார் பட்டறைக்காரர். வழக்கமான 2 மில்லிமீட்டர் வேண்டாம், 3 வைப்போம் என்றார்.

வேலையை அங்கேயே இருந்து பார்த்தோம். ஓரத்தில் காகித ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவை அளந்து பென்சிலால் குறித்தார். கூரான ஊசியால் முதலில் ஒரு குத்து, துளைப்பான் வழுக்கிவிடாமல் இருக்க. துளைப்பானின் நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி நாடா சுற்றியிருந்தது. நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும், ஆழம் அவ்வளவுதான். வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பியை ஒரு சொட்டுப் பசையோடு செருகி, வெட்டி, பிளேடால் சுரண்டி, நுண்ணிய உப்புத்தாளால் மட்டமாக்கினார். மூன்று, ஐந்து முடிந்தது. ஏழுக்கு வந்தபோது அப்பா மலாயில் கேட்டார், இதை மட்டும் மட்டமாக்காமல் கொஞ்சம் மேடாக விட முடியுமா?

பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“கட்டைவிரல் மேல வந்து உரசுற இடம். கண்ணு இதுக்கு மேல போனாலும் விரல் இருக்கும்ல” என்று அப்பா எனக்காகத் தமிழில் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. முழுவதையும் மொழிபெயர்த்தேனா என்று ஞாபகமில்லை.

அரை மில்லிமீட்டர் மேடு விட்டு, கூர் இல்லாமல் உருட்டிக் கொடுத்தார். கடைசியாகப் பொத்தான். பள்ளத்தில் இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ரோஸ்வுட் தூள் கலந்த எபோக்சிப் பசையில் பொத்தானை உட்காரவைத்தார். கோணலை இந்த முறை சரி செய்துவிடலாம், சுற்றி மரத்தூளால் நிரப்பினால் தெரியாது என்றார். அப்பா விரலால் தடவிப் பார்த்து, முன்பு எந்தப் பக்கம் கோணலாக இருந்ததோ அந்தப் பக்கமே திருப்பி வைக்கச் சொன்னார். பழுப்பான பிளாஸ்டிக் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டோம். பார்ப்பதற்கு அந்தக் கிட்டார் இப்போது முன்பைவிடக் கொஞ்சமும் அழகாக இல்லை.

கூலியாக அவர் கேட்டது நல்ல கம்பி இரண்டு செட் வாங்கும் விலைதான். அதற்குமேல் கொடுத்ததை வாங்கவில்லை. கிட்டாரை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லி அப்பாவிடம் கேட்டார், அவ்வளவுதான். அப்பா பழைய மலாய்ப் பாட்டு ஒன்றை வாசித்தார். அவருக்கு அதெல்லாம் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தீபாவளியன்று மூன்று பேரும் கூடினார்கள். பாடுகிறவருக்கு மூச்சு முன்போல் நீளவில்லை. எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கித்தான் பாடினார். இறக்கினால் அப்பாவின் கை வழக்கமான இடத்தில் இருக்க முடியாது, எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் தவறினார். தபேலா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் முறுக்குத் தட்டோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் இடக்கை கழுத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது, கட்டைவிரல் எதையோ தேடி நின்றது, ஒரு சுற்று விட்டு அடுத்த சுற்றில் சரியாக வந்து சேர்ந்துகொண்டார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

மிச்சமிருந்த கொடி ஸ்டிக்கரை அம்மா தூக்கிப்போட விடவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவைச் சுற்றி ஒட்டியிருக்கிறார். மல்லித்தூளையும் மிளகாய்த்தூளையும் அப்பா இப்போதெல்லாம் மாற்றிப் போடுவதில்லை.